முதல் ரேட்டிங் வந்த பிறகு: 1571-லிருந்து 1487-க்கு

நாற்பது வயதுக்கு மேல், வேலைக்கும் போய்க்கொண்டு, செஸ் போட்டிகளிலும் இறங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, முதல் ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) வாங்கிவிட்டு இரண்டாவது போட்டிக்குப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு. அந்த இரண்டாவது போட்டியில் ஐந்தே நாளில் ரேட்டிங்கில் 84 புள்ளி இழந்தேன். செலவு 8,400 ரூபாய். நுழைவுக் கட்டணம் 3,000, கடைசித் தேதியைத் தவறவிட்டதற்கு 500, கடிகாரம் 2,200, குரோம்பேட்டையிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக் கல்லூரிக்குப் போய்வர 1,400, சாப்பாடு 1,300. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் சம்பளமில்லா விடுப்பு. இதையெல்லாம் விடப் பெரிய நஷ்டம், போட்டி முடிந்து ஒன்றரை மாதம் பலகையைத் தொடவே மனம் வராமல் கிடந்தது. அந்தத் துக்கத்தில் பாதி தேவையே இல்லாதது என்று பிறகு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மீதிப் பாதி, பலகைக்கு வெளியே நான் தெரிந்துகொள்ளாமல் போன விஷயங்களால் வந்தது.

போட்டி மே மாதம், 1800-க்குக் கீழ் ரேட்டிங் உள்ளவர்களுக்கானது. மொத்தம் 9 சுற்று, முதல் நான்கு நாள் தினம் இரண்டு, கடைசி நாள் ஒன்று. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல். இந்த எண்களைப் படிக்கும்போதே பெருக்கிப் பார்த்துவிட வேண்டும். ஆட்டம் 60 நகர்வு போனால் ஆளுக்கு இரண்டு மணி நேரம், ஆக மொத்தம் நான்கு மணி நேரம். காலைச் சுற்று 9.30-க்கு என்றால் முடிய 1.30 ஆகும். மாலைச் சுற்று 2.30-க்கு என்று போட்டிருந்தால் நடுவில் இருப்பது ஒரு மணி நேரம்தான். நான் பரிசுத் தொகையைப் பார்த்தேன், இடத்தைப் பார்த்தேன், நேர அட்டவணையைப் பார்க்கவில்லை.

விவரக்குறிப்பில் வேறு என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அகில இந்திய செஸ் கூட்டமைப்பில் பதிவு நடப்பில் இருக்கிறதா, ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) அடையாள எண் சரியாக எழுதியிருக்கிறதா என்பது முதல் வேலை. அடுத்தது, எத்தனை நிமிடம் தாமதமாக வந்தால் ஆட்டம் போகும் என்பது. விதிப்படி விவரக்குறிப்பில் எதுவும் சொல்லவில்லை என்றால் அது பூஜ்ஜிய நிமிடம். கடிகாரம் நாம் கொண்டுபோக வேண்டுமா என்று பார்க்க வேண்டும், சென்னையில் பெரும்பாலும் ஆம்தான். வாங்கியவுடன் 90 நிமிடமும் 30 விநாடியும் அமைப்பது எப்படி என்று வீட்டிலேயே நான்கைந்து முறை செய்து பழக வேண்டும். அரைப் புள்ளி 'பை' (ஒரு சுற்றை ஆடாமல் விடுவதற்குத் தரும் அரைப் புள்ளி) தருகிறார்களா என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு முக்கியம். தந்தால், வேலைநாள் ஒன்றின் காலைச் சுற்றை முன்கூட்டியே எழுதிக் கேட்டு விட்டுவிட்டு அரைப் புள்ளி வாங்கிக்கொள்ளலாம். கடைசிச் சுற்றுகளுக்கு வழக்கமாகத் தரமாட்டார்கள். பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், பான் கார்டு நகல் கேட்பார்கள்.

மே மாதம் என்பதையும் நான் யோசிக்கவில்லை. பள்ளி விடுமுறை. அரங்கத்துக்குள் நுழைந்தால் முக்கால்வாசிப் பேர் பிள்ளைகள், கதவுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலும் டிபன் டப்பாவுமாகப் பெற்றோர்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது, 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். இந்த ஊரில் செஸ் வகுப்புக்குப் போகாத தெருவே இல்லை என்கிற நிலைமை. பெரியவர்கள் இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளின் ரேட்டிங் எண் அவர்களுடைய இன்றைய பலத்தைக் காட்டாது, சில மாதங்களுக்கு முந்தைய பலத்தைக் காட்டும். தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி எடுக்கும் பத்து வயதுப் பிள்ளை மூன்று மாதத்தில் வேறு ஆளாகிவிடும். ரேட்டிங் ஏற, அது போட்டி ஆடி, அந்தப் போட்டி கணக்கில் ஏறி, மாதம் பிறந்து புதிய பட்டியல் வர வேண்டும். எதிரே 1450 என்று எழுதியிருந்தால் 1600 என்று நினைத்து உட்காருவதே சரி.

முதல் சுற்றில் எனக்கு எதிரே ரேட்டிங் இல்லாத ஒரு பையன். ஸ்விஸ் முறையில் (ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களை மோதவிடும் முறை) முதல் சுற்றுக்கு, ரேட்டிங் வரிசைப் பட்டியலை இரண்டாக வெட்டி, மேல் பாதியின் முதல் ஆளைக் கீழ்ப் பாதியின் முதல் ஆளோடு கோர்ப்பார்கள். மேல் பாதியில் இருந்தால் முதல் ஆட்டம் கொஞ்சம் எளிது. ஜெயித்தேன். ரேட்டிங் இல்லாதவரோடு ஆடினால் நம் ரேட்டிங் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. இது தெரியாமல் நான்காவது சுற்றில் இன்னொரு ரேட்டிங் இல்லாத ஆட்டக்காரரிடம் தோற்றுவிடுவேனோ என்று கை நடுங்க உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது சுற்றில் 1712 ரேட்டிங் உள்ளவர், எனக்குக் கறுப்புக் காய். தோற்றேன், காரணம் கடிகாரம். 12 நகர்வுக்குள் 48 நிமிடம் செலவழித்திருந்தேன். பழக்கமில்லாத ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) வந்ததும் ஒவ்வொரு நகர்வுக்கும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து யோசித்தேன். முப்பதாவது நகர்வில், ஆட்டத்தின் உண்மையான சிக்கல் வந்தபோது என்னிடம் மூன்று நிமிடம் இருந்தது. 30 விநாடி கூடுகிறதே, சமாளித்துவிடலாம் என்று தோன்றும். அந்த 30 விநாடிக்குள்தான் நகர்வை எழுதவும் வேண்டும். 30 விநாடி கூடும் ஆட்டத்தில் கடைசி வரை எழுதியே ஆக வேண்டும். எழுத ஐந்து விநாடி, எதிராளியின் நகர்வை உள்வாங்க ஐந்து விநாடி போனால், யோசிக்க இருப்பது இருபது விநாடி.

இதற்கு நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை மிக எளிது. ஸ்கோர்ஷீட்டில் (நகர்வுகளை எழுதும் தாளில்) ஒவ்வொரு நகர்வுக்குப் பக்கத்திலும் கடிகாரத்தில் மீதி இருக்கும் நிமிடத்தைக் குறித்துக்கொள்கிறேன். இது விதிப்படி சரி. ஸ்கோர்ஷீட்டில் நகர்வு, கடிகார நேரம், டிரா கேட்டது, முறையீடு தொடர்பான விவரம் இவற்றை எழுதலாம், சொந்தக் குறிப்பு எழுதக் கூடாது. டிரா முறையீட்டுக்குத் தவிர, நகர்வை ஆடும் முன்பே எழுதவும் கூடாது. 15-வது நகர்வு முடியும்போது 70 நிமிடமாவது, 30-வது நகர்வில் 40 நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. எண் கண்ணெதிரே எழுதியிருந்தால் கை தானாக வேகமெடுக்கும்.

மூன்றாவது சுற்றைச் சொல்ல இன்னும் எனக்கு வலிக்கிறது. எதிரே ஒன்பது வயதுச் சிறுமி, ரேட்டிங் 1480. நாற்காலியில் முட்டி போட்டு உட்கார்ந்துதான் அவளுக்குப் பலகை எட்டியது. ஆட்டம் நன்றாகத்தான் போனது. கடைசியில் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சிப்பாய் ஓடிக்கொண்டிருந்தது, என்னுடையது ஒரு நகர்வு முன்னால். எட்டாவது வரிசையை அடைந்தேன். ராணி வைத்தால் குறுக்காக செக், அவளுடைய சிப்பாய் நகரவே முடியாது. என்னிடம் ஆறு நிமிடம் இருந்தது. வெட்டுப்பட்ட என் ராணி அவள் பக்கம் காய்களுக்கு நடுவே இருந்தது. கை நீட்டி எடுக்கத் தயங்கி, என் பக்கத்தில் கிடந்த, வெட்டுப்பட்ட என் யானையை எடுத்து, ராணி என்ற கணக்கில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, கடிகாரத்தை அழுத்தினேன். வீட்டிலும் டீக்கடை பெஞ்சிலும் எத்தனை வருடமாகச் செய்துவந்த காரியம். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், இது ரூக்தானே?" என்று கேட்டாள். ஆர்பிட்டர் (நடுவர்) வந்தார். "சார், தலைகீழா வெச்சாலும் ரூக் ரூக்தான் சார். கேம் கன்டினியூ பண்ணுங்க." யானைக்குக் குறுக்கே செக் கிடையாது. அடுத்த நகர்வில் அவள் ராணி எடுத்தாள். பத்து நகர்வில் முடிந்தது.

அவள் செய்தது சரி, ஆர்பிட்டர் சொன்னதும் சரி. 2017-ல் கனடா தேசிய சாம்பியன்ஷிப்பின் பட்டத்தை முடிவுசெய்த ஆட்டத்திலேயே இதே மாதிரி தலைகீழ் யானை யானையாகவே கணக்கிடப்பட்டது. சரியான முறை இது: சிப்பாயை எட்டாவது கட்டத்துக்குக் கொண்டுபோகும் நேரம் ராணி கைக்கெட்டவில்லை என்றால், கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தி ஆர்பிட்டரிடம் ராணி கேட்கலாம். அதற்காகக் கடிகாரத்தை நிறுத்துவது நம் உரிமை. சிப்பாயை அப்படியே எட்டாவது வரிசையில் விட்டுவிட்டு அழுத்தினால் அது விதிமீறிய நகர்வு. இந்த வகை ஆட்டத்தில் முதல் விதிமீறலுக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், இரண்டாவதற்கு ஆட்டமே போகும். இரண்டு கையால் காய் மாற்றிவிட்டு அழுத்துவதும் இதே கணக்குதான். வெட்டும்போது ஒரு கையால் எதிரி காயை எடுத்து மறு கையால் நம் காயை வைப்பவர்கள் பெரியவர்களில் நிறையப் பேர். காசில் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது) செய்யும்போது ராஜாவை முதலில் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் அந்த நகர்வில் காசில் செய்ய முடியாது, யானையைத்தான் நகர்த்த வேண்டும். கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்வதென்றால் நம் முறை வரும்போது, "ஐ அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். சொல்லாமல் தொட்ட காய் ஆடிய காய். அதோடு பையில் இரண்டு ராணியைத் தனியாக எடுத்துப்போய், ஆட்டம் தொடங்கும் முன் பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஆட்டம் முடியும் கட்டத்தில் தேடக் கூடாது.

அன்று மாலை வீட்டில் "எப்படிப் போச்சு?" என்று கேட்டபோது ஒன்று தோல்வி, ஒன்று வெற்றி என்று மட்டும் சொன்னேன். யாரிடம் தோற்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சிறுவர்களிடம் தோற்பது பெரியவர்களுக்குத் தனி வலி. அந்த வலியோடு அடுத்த ஆட்டத்தில் உட்கார்ந்தால் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, அவசரமாக ஜெயித்துக் காட்டப் பார்ப்போம். இன்னொன்று, அவர்கள் வேகத்துக்கு நாமும் ஆடுவோம். பிள்ளைகள் நகர்த்திவிட்டு எழுந்துபோய் நண்பனின் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நமக்கு என்னவோ அவமதிப்பு போலத் தோன்றும். அது அவர்கள் வயதின் இயல்பு. நான் பார்த்த வரையில் அவர்கள் பலம் ஓப்பனிங் கண்ணிகளிலும், வெட்டுக்கு வெட்டு என்று போகும் சண்டையிலும். ராணிகள் மாறி, சிப்பாய்கள் மெல்ல நகரும் நீண்ட ஆட்டத்தில் பொறுமை குறைவு. ஓப்பனிங்கில் நான்கு வரி குறைவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்) தெரிந்துகொண்டு போங்கள்.

அதைத் தெரிந்துகொள்ளாமல் போனதற்கு ஐந்தாவது சுற்றில் விலை கொடுத்தேன். 1503 ரேட்டிங் உள்ள கல்லூரி மாணவர். ஆளுக்கொரு யானை, எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். சிப்பாய் ஏழாவது வரிசையில், என் ராஜா அதற்கு முன்னால் எட்டாவது கட்டத்தில், எதிரி ராஜாவை என் யானை ஒரு செங்குத்து வரிசை தள்ளியே வெட்டி நிறுத்தியிருக்கிறது. இது புத்தகத்தில் உள்ள லூசெனா நிலை, உறுதியான வெற்றி. யானையால் ஒரு செக் கொடுத்து எதிரி ராஜாவை இன்னும் ஒரு வரிசை தள்ளிவிட்டு, அதே யானையை நான்காவது கிடைவரிசைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ராஜா வெளியே வரும். எதிரி யானை பின்னாலிருந்து செக் மேல் செக் கொடுக்கும். ராஜா படிப்படியாக இறங்கி வந்து, கடைசிச் செக்கை நான்காவது வரிசையில் காத்திருக்கும் யானை குறுக்கே வந்து மறைக்கும். அவ்வளவுதான், சிப்பாய் ராணியாகிவிடும். ஓரச் சிப்பாய்க்கு மட்டும் இது செல்லாது. எனக்கு இது தெரியவில்லை. யானையை நான்காவது வரிசைக்குக் கொண்டுவராமலே ராஜாவை வெளியே எடுத்தேன், செக் வந்தது, திரும்ப உள்ளே போனேன். இப்படியே முப்பது நகர்வு. கடைசியில் சிப்பாயையும் இழந்து டிரா.

நஷ்டம் அந்த அரைப் புள்ளியோடு நிற்கவில்லை. ஆட்டம் முடிய 1.55 ஆகிவிட்டது. அடுத்த சுற்று 2.30. வெயிலில் சாலைக்கு வந்து, ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து, பசியில் முழுச் சாப்பாடு. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், பாயசம் எதையும் விடவில்லை. ஆறாவது சுற்று தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில், ஏசி குளிரில், கண் சொருகியது. 24-வது நகர்வில் குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தேன். எதிராளியின் ரேட்டிங் 1463. எண்ட்கேம் ஒன்று தெரியாததால் அன்று ஒன்றரைப் புள்ளி போனது.

அதற்குப் பிறகு நான் சாப்பாட்டைக் கையோடு எடுத்துப்போகிறேன். தயிர் சாதம் ஒரு சின்ன டப்பா, அதிகம் போனால் மூன்று இட்லி, இரண்டு வாழைப்பழம், வறுத்த வேர்க்கடலை. ஆட்டத்துக்கு நடுவே பசித்தால் வாழைப்பழமும் தண்ணீரும் போதும். சுற்றுக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் பதினைந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார இடம் தேடுவது, முடிந்த ஆட்டத்தைச் செல்போனில் கணினியிடம் கொடுத்து எங்கே தவறினேன் என்று பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். நான் அந்தச் செல்போன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன், ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும். 'இங்கே ஜெயித்திருக்கலாம்' என்று அது காட்டும் எண்ணைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போனேன். ஐந்து நாளும் முடிந்த பிறகு பார்த்தால் போதும்.

செல்போன் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். அரங்கத்துக்குள் நம்மிடம் செல்போன் இருப்பதே தோல்விக்குக் காரணமாகலாம். நான்காவது நாள் எனக்கு இரண்டு பலகை தள்ளி ஒருவருடைய பையில் போன் அதிர்ந்தது. அணைக்க மறந்திருந்தார். நல்ல நிலையில் இருந்த ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஸ்மார்ட் வாட்சுக்கும் இதே கதிதான். வெளியே வைத்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் ஆர்பிட்டர்கள் சொல்லும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஏழாவது சுற்றில் இன்னொரு விதி: ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம். 1521 ரேட்டிங், தாழ்ந்த நிலையில் நான். ஒரே நிலை மூன்றாவது முறை வரப்போகிறது என்று தெரிந்தது. மகிழ்ச்சியில் நகர்த்தி, கடிகாரத்தையும் அழுத்திவிட்டு, கையைத் தூக்கி "டிரா" என்றேன். ஆர்பிட்டர் ஏற்கவில்லை. முறையீடு நம் முறையில்தான் செய்ய வேண்டும், அழுத்தியதும் அது எதிராளியின் முறை. மூன்றாவது முறை நிலையை உண்டாக்கப் போகும் நகர்வை ஸ்கோர்ஷீட்டில் எழுத வேண்டும், பலகையில் ஆடக் கூடாது. கடிகாரத்தை நிறுத்திவிட்டு ஆர்பிட்டரை அழைக்க வேண்டும். எதிராளியின் நகர்வாலேயே மூன்றாவது முறை வந்துவிட்டதென்றால், எதையும் தொடாமல் அப்படியே அழைக்கலாம். மூன்று முறையும் ஆட வேண்டியவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும், காசில் உரிமைகளும் மாறியிருக்கக் கூடாது. முறையீடு தவறு என்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கிடைக்கும், எழுதிய நகர்வை ஆடியே ஆக வேண்டும். நகர்வுகளைத் தெளிவாக எழுதாதவர்களால் இதை நிரூபிக்க முடியாது. டிரா கேட்பதற்கும் வரிசை இருக்கிறது: நகர்த்து, கேள், பிறகு அழுத்து. என் எதிராளி அடுத்த நகர்வில் வழி மாற்றி ஆடி, நாற்பது நிமிடத்தில் ஜெயித்தார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைசிச் சுற்றுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு மணி வரை புரண்டேன். சொல்லாமல் நின்றுவிடுவது எதிராளிக்குச் செய்யும் அநியாயம், அவருக்கும் ஒரு ஆட்டம் வீணாகும். விலகுவதென்றால் பேரிங் (யாரோடு யார் ஆடுவது என்கிற பட்டியல்) போடும் முன் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுந்து உட்கார்ந்து யானை எண்ட்கேம் பக்கங்களைப் படித்தேன். அதில் ஃபிலிடோர் தற்காப்பு இருந்தது. சிப்பாய் குறைவாக இருக்கும் பக்கம், தன் யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது கிடைவரிசையில் நிறுத்தி, எதிரி ராஜா முன்னேறாமல் தடுக்க வேண்டும். எதிரி வேறு வழியில்லாமல் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளியதும், யானையைக் கடைக்கோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ராஜாவுக்கு இனி ஒளிய நிழல் இருக்காது. எட்டாவது சுற்றில் 1432 ரேட்டிங் உள்ளவரை முந்தின மாலையே ஜெயித்திருந்தேன். ஒன்பதாவது சுற்றில், 1455 ரேட்டிங் உள்ள பெரியவருக்கு எதிராக, இதே நிலை பலகையில் வந்தது. ஒரு சிப்பாய் குறைவு. பன்னிரண்டு செக் கொடுத்தேன். அவரே கை நீட்டினார். ஐந்து நாளில் நான் மனம் நிறைந்து எழுந்த ஒரே ஆட்டம் அதுதான். ரேட்டிங் கணக்கில் அதுவும் எனக்கு நஷ்டம்!

அந்தக் கணக்கு எப்படி என்று சொல்கிறேன். எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்க்கப்பட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். 30 ஆட்டம் முடியும் வரை புதியவர்களுக்குப் பெருக்கு எண் 40. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், ரேட்டிங் 2300-க்குக் கீழ் இருக்கும் வரை, 40. மற்றவர்களுக்கு 2400-ஐ எட்டும் வரை 20. எனக்கு 1571, அந்தச் சிறுமிக்கு 1480, வித்தியாசம் 91. அட்டவணைப்படி என்னிடம் எதிர்பார்க்கப்படுவது 0.62 புள்ளி. தோற்றதால் 0.62-ஐ 40-ஆல் பெருக்கி 24.8 போனது. டிரா செய்திருந்தாலும் 4.8 போயிருக்கும். ஜெயித்திருந்தால் கிடைப்பது 15.2 மட்டும். கடைசி ஆட்டத்தில் வித்தியாசம் 116, எதிர்பார்ப்பு 0.66, டிராவுக்கு 6.4 நஷ்டம். ரேட்டிங் உள்ள ஏழு பேரோடு ஆடியதைக் கூட்டினால் 83.6 குறைவு. ஒன்பதில் நான்கு புள்ளி, புதிய எண் 1487.

அந்த எண்ணைப் பார்த்து, என் ஆட்டமே கெட்டுவிட்டது, வயதாகிவிட்டது என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் கழித்துத்தான், முதலில் 1571 எப்படி வந்தது என்று விதியைப் படித்தேன். முதல் ரேட்டிங்குக்கு, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் வேண்டும். ஒரே போட்டியில் இல்லாவிட்டாலும் 26 மாதத்துக்குள் சேர்ந்தால் போதும், ஆனால் முதல் போட்டியில் பூஜ்ஜியம் எடுத்தால் அது கணக்கில் வராது. என்னுடைய ஐந்து எதிராளிகளின் சராசரி 1550, நான் எடுத்தது ஒரு வெற்றி, இரண்டு டிரா, ஆக 2 புள்ளி. 2024 மார்ச்சிலிருந்து ஃபிடே இதோடு, 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளோடு டிரா செய்ததாகச் சேர்த்துக்கொள்கிறது. ஏழு பேர் சராசரி 1621, ஏழு ஆட்டத்தில் 3 புள்ளி, அதற்கு அட்டவணைப்படி 50 கழித்து 1571. அந்தக் கற்பனை டிராக்கள் இல்லாமல் என் ஐந்து ஆட்டத்தை மட்டும் எடுத்தால் 1550-லிருந்து 72 கழித்து 1478 வருகிறது. இரண்டாவது போட்டியில் நான் வந்து நின்ற இடம் 1487. முதல் போட்டியில் எந்த ஆட்டம் ஆடினேனோ அதே ஆட்டத்தைத்தான் இரண்டாவதிலும் ஆடியிருக்கிறேன். உயர்த்தி எழுதப்பட்ட எண் தன் இடத்துக்கு இறங்கிவிட்டது, அதற்கு நான் துக்கம் காத்தேன். புதிதாக ரேட்டிங் வாங்கியவர்கள் எல்லோரும் தங்கள் எண்ணுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுங்கள்.

ஆனால் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது சுற்றுகளில் நான் விட்டவை வேறு. அவை நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டியவை. அடுத்த போட்டிக்கு முன் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். ஓப்பனிங் புத்தகத்தைத் திறக்கவில்லை. ராஜாவும் சிப்பாயும் மட்டும் உள்ள நிலைகள், லூசெனா, ஃபிலிடோர் இவற்றைப் பலகையில் காய் வைத்து, கடிகாரத்தை ஓடவிட்டுப் பழகினேன். செல்போனில் ஆடிப் பழகிய கண்ணுக்கு மரப் பலகையில் பின்னோக்கி வரும் மந்திரியின் கோடு தெரியாது. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரமாவது செல்போனை மூடிவிட்டுப் பலகையிலேயே ஆடுவது நல்லது. எதிரே ஆள் வேண்டும் என்றால் பக்கத்துக் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள், சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது போட்டி வார இறுதிகளில் மட்டும் நடப்பதாகப் பார்த்து எடுத்தேன், விடுப்பு தேவைப்படவில்லை. அதில் இரண்டாவது சுற்று முடிந்து ராத்திரி முடிவுகளைப் பார்த்தபோது, நான் ஜெயித்த ஆட்டம் தோற்றதாக ஏறியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு ஸ்கோர்ஷீட்டிலும் முடிவை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம், என் பிரதி பையில் இருந்தது. அதைப் படம் எடுத்து, அடுத்த சுற்றுப் பேரிங் வெளியாகும் முன், தலைமை ஆர்பிட்டருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் திருத்தினார். பேரிங் போட்ட பிறகு சொல்லியிருந்தால் அடுத்த சுற்றில் தவறான எதிராளியோடுதான் உட்கார்ந்திருப்பேன். அடுத்த மாதம் முதல் தேதி ஃபிடே பட்டியல் வந்தது, 1534.